நடுவில் ஓட்டை உள்ள கொடி

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்கு வந்த முதல் அக்டோபரில், கீழ்வீட்டு நேனியின் ஜன்னலில் ஒரு கொடி தொங்கியது. சிவப்பு, வெள்ளை, பச்சை. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. நேனி என்பது இங்கே வயதான பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

"கிழிந்திருக்கிறதே, கொடுங்கள், தைத்துத் தருகிறேன்" என்றேன். நம் பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் 15க்கு முதல் நாளே பி.டி. சார் கொடியை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பூ வைத்து மடிப்பார். அந்தப் பழக்கத்தில் சொன்னது. பேரன் அதை மொழிபெயர்த்ததும் நேனி கொடியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். 1956 அக்டோபர் 23. சோவியத் படை வெளியேற வேண்டும் என்று மாணவர்கள் ஊர்வலம் போக, இருட்டுவதற்குள் ஊரே கூடிவிட்டது. ஸ்டாலின் சிலையை இழுத்துத் தள்ளியதில் பீடத்தில் பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. கொடியின் நடுவே இருந்த சுத்தியலும் கோதுமைக் கதிருமான முத்திரையை மக்கள் வெட்டி எறிந்தார்கள். இந்த வீட்டில் வெட்டியது நேனியின் அம்மா, தையல் கத்தரியால். அதைத்தான் நான் தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறேன்.

நவம்பர் 4 விடியற்காலையில் சோவியத் டாங்கிகள் வந்தன. ஒன்பது வயது நேனி நிலக்கரி அறையில் பதுங்கியிருந்தார். வெளியே அவர் அண்ணன் வயதுப் பையன்கள் பெட்ரோல் பாட்டிலோடு டாங்கிகளை எதிர்த்தார்கள். சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். ஏறக்குறைய 2 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அண்ணனும் போனவர்தான், ஆஸ்திரிய எல்லை தாண்டி, அப்புறம் கனடா.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டாலே அபா எழுந்து கதவைத் திறப்பாராம். அபா என்றால் அப்பா. அந்த ஒரு சொல்லுக்குப் பேரன் தேவைப்படவில்லை. திருச்சியில் என் அப்பாவும் வாசல் லைட்டை அணைக்காமல்தான் படுக்கிறார், நான் வரப்போவதில்லை என்று தெரிந்தும்.

அந்தக் கொடி மெத்தைக்கு அடியிலேயே கிடந்தது. அந்தக் கிளர்ச்சியின்போது பிரதமராக இருந்து 1958இல் தூக்கிலிடப்பட்ட இம்ரே நாகியை, 1989 ஜூன் 16 அன்று மறுபடி மரியாதையோடு அடக்கம் செய்தார்களே, அன்றுதான் ஜன்னலுக்கு வந்தது.

இப்போது இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. டிராமில் கண்ணை மூடிக்கொண்டு போவேன், கடைக்காரரிடம் அவர்கள் மொழியிலேயே பேரம் பேசுவேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு நேனி தரும் கசகசா ரொட்டியை வாயில் வைத்தால் போதும், அம்மா அம்மியில் கசகசா அரைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் குருமாவுக்குப் போய்விடுகிறேன்.

இந்த வருஷம் அக்டோபர் 22 அன்று நேனி கொடியோடு மேலே வந்தார். வெட்டிய இடத்தில் நூல் பிரிய ஆரம்பித்திருந்தது.

"ஊசி நூல் இருக்கிறதா? ஓரம் மட்டும் அடித்துக் கொடு. ஓட்டை அப்படியே இருக்கட்டும்."

வெள்ளை நூலைக் கோத்தேன்.