செயின்ட் லூயிஸிலிருந்து வந்த கோப்பு

ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 93 வயது. 1944-இல் இத்தாலியின் அன்சியோவில் இறந்துபோன தன் அண்ணனைப் பற்றி ராணுவம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது.

முதலில் வேண்டியது ராணுவ எண். 1938 முதல் 1946 வரை தரைப்படையில் சேர்ந்த சுமார் 90 லட்சம் பேரின் பதிவுகளை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். தேடியதில் கிடைத்த எண் 35 என்று தொடங்கியது. 5 என்பது ஒஹாயோ அடங்கிய வட்டாரம். 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர். "அண்ணன் தானாகவே போய்ச் சேர்ந்தான்" என்று எண்பது ஆண்டுகளாகச் சொல்லிவருபவரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? இன்னும் கொஞ்சம் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. 1942 டிசம்பரோடு தானாகச் சேரும் வழியை அடைத்துவிட்டார்கள். அதன்பின் விரும்பிப் போனவரும் ஆள்சேர்ப்புக் குழு வழியாகத்தான் போக வேண்டும், அவருக்கும் 3-தான். அண்ணன் போனது 1943 மார்ச்சில். பாட்டி சொன்னதும் பொய்யில்லை, எண்ணும் பொய்யில்லை.

அடுத்து, ஒருவரின் ராணுவப் பணிக் கோப்பைக் கேட்கும் எஸ்.எஃப். 180 என்ற படிவம். செயின்ட் லூயிஸில் இருக்கும் ஆவண மையத்துக்கு அனுப்பினேன். கோப்பு எரிந்துபோயிருக்கலாம் என்று பதில் வந்தது. 1973 ஜூலை 12 அன்று அங்கே மூண்ட தீயில், 1912-க்கும் 1960-க்கும் இடையே பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் சாம்பலாகிவிட்டன. தவறு என்னுடையது. போரில் இறந்தவர்களுக்கு அடக்கம், உடைமைகள், குடும்பத்தாரின் கடிதங்கள் அடங்கிய தனிக் கோப்பு ஒன்று உண்டு. தீப்பிடித்த அந்தக் கட்டடத்தில் அது இல்லை. இறந்தவரைப் பற்றித் தேடுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான் மறுபடியும் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

63 பக்கங்கள் வந்தன. பாட்டியின் சமையலறை மேசையில் பரப்பினோம்.

ஒரு பக்கத்தில் கான்சாஸ் நகரத்திலிருந்த ராணுவ உடைமைப் பிரிவின் பட்டியல்: பணப்பை ஒன்று, பேனாக் கத்தி ஒன்று, ஜெப புத்தகம் ஒன்று, புகைப்படங்கள் பதினொன்று. அதன் பின்னே, கோடு போட்ட தாளில் அவர்களுடைய அம்மா எழுதிய கடிதம். பெட்டி வந்து சேர்ந்தது, நன்றி; கைக்கடிகாரத்தை மட்டும் காணவில்லை, அது அவன் பள்ளி முடித்தபோது நாங்கள் வாங்கிக் கொடுத்தது என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு பொருள் எங்களிடம் வரவில்லை என்று மூன்று வரியில் தட்டச்சு செய்த பதில். அம்மா விடவில்லை, அதே கடிகாரத்தைக் கேட்டு இன்னும் இரண்டு கடிதங்கள். வீட்டில் ஒருவர் படையில் இருந்தால் ஜன்னலில் தொங்கும் கொடியில் நீல நட்சத்திரம், அவர் இறந்தால் அது தங்க நிறம். அந்த நீல நட்சத்திரத்தின்மேல் அம்மா தங்க நிறத் துணியைத் தைத்ததைப் பாட்டி நினைவுகூர்ந்தார். நூல் சரியான நிறத்தில் கிடைக்கவில்லையாம்.

கடைசிப் பக்கங்களில் 1947-ஆம் ஆண்டுப் படிவம். வெளிநாட்டில் அடக்கமானவர்களை என்ன செய்வது என்று அரசு குடும்பத்தையே கேட்டது. நான்கு வழிகள்: அங்கேயே அமெரிக்க ராணுவக் கல்லறையில் விடலாம், ஊருக்குக் கொண்டுவந்து சொந்த இடுகாட்டில் புதைக்கலாம், வேறு நாட்டுப் பூர்விக ஊருக்கு அனுப்பலாம், அமெரிக்காவிலுள்ள தேசியக் கல்லறையில் வைக்கலாம். அப்படித் திரும்பி வந்தவர்கள் சுமார் 1,71,000 பேர். அண்ணன் இன்னும் அன்சியோவுக்குப் பக்கத்திலுள்ள நெட்டுனோவின் அமெரிக்கக் கல்லறையில்தான் இருக்கிறார். அரசு அனுப்பவில்லை என்றே பாட்டி இத்தனை காலமும் நம்பியிருந்தார்.

படிவத்தில் முதல் கட்டத்தில் குறி. கீழே அப்பாவின் கையெழுத்து. மணமாகாத வீரர் என்றால் முடிவு செய்யும் உரிமை தந்தைக்குத்தான் முதலில். தாய் அதற்கு அடுத்தபடி. அம்மாவின் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "அந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மா எங்கள் அறையில்தான் படுத்தார்" என்றார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து இழுப்பறையில் வைத்தார். மீதி 62 பக்கங்கள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன.