வீட்டில் பியர் காய்ச்ச இரண்டு அண்டா, ஒரு பம்ப்

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அண்டாவில்தான் தொடங்குவார்கள். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, உடைத்துத் துணிப்பையில் போட்டு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, மிஞ்சிய சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். நல்ல முறைதான். நானும் வெகுகாலம் அப்படித்தான் செய்தேன், அதில் வந்த பியரை யாரும் குறை சொன்னதில்லை. தூக்குவதுதான் தொல்லை. 20 லிட்டர் பியருக்கு 5 கிலோ மால்ட் போடுவேன். ஊறிய மால்ட் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, தூக்கும்போது பை 10 கிலோ. அதுவும் 67 டிகிரிச் சூட்டில், ஒழுக ஒழுக. கப்பி போட்டுத் தூக்கு என்றார்கள். கூரையில் கொக்கி அடிப்பதைவிட இன்னோர் அண்டா வாங்குவது எனக்குச் சுலபமாகப் பட்டது.

பழைய கைகள் மூன்று அண்டா வைத்துக்கொள்வார்கள். ஒன்று வெந்நீருக்கு, ஒன்று மால்ட் ஊற, ஒன்று கொதிக்க. அந்த வரிசையைக் கொஞ்சம் கவனித்தால், வெந்நீர் அண்டாவுக்கு வேலை இருக்கும்போது கொதி அண்டா சும்மா இருக்கிறது. கொதி அண்டாவில் அடுப்பு எரியத் தொடங்கும்போது வெந்நீர் அண்டாவின் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்பதுதான் இரட்டை அண்டா முறையின் அடிப்படை. (எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று: வீட்டில் பியர் காய்ச்சச் சில நாடுகளில் தடையில்லை, சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் கூடவே கூடாது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.)

அந்த முறையிலும் இரண்டு கிளை உண்டு. முதலாவது, மால்ட் ஊற ஓர் ஐஸ்பெட்டி, கொதிக்க ஓர் அண்டா. குளிரைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும். ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் இறங்கும். முதல் சாற்றை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டு, அதற்குள் அண்டாவில் காய்ந்திருக்கும் வெந்நீரை மால்ட்டின்மேல் இரண்டாம் முறை ஊற்றிக் கலக்கி வடிக்க வேண்டும். பம்ப் இல்லை, ஒயர் இல்லை, பழுதாக ஒன்றுமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பேன்.

நான் போனது இரண்டாவது கிளைக்கு. மேலே மால்ட் அண்டா, கீழே எலிமெண்ட் (மின்சாரத்தில் சூடேறும் கம்பிச்சுருள்) வைத்த கொதி அண்டா. கீழே சூடாகும் சாற்றைப் பம்ப் மேலே ஏற்றும்; மால்ட் படுகை வழியாக அது வடிந்து மறுபடி கீழே வரும். ஊறும் நேரம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊறும் நடுவில் சூட்டை 62-லிருந்து 70-க்கு ஏற்றுவதெல்லாம் ஐஸ்பெட்டியில் பெரும்பாடு, இதில் ஒரு பட்டன். அந்த ஆசைதான் என்னை இழுத்தது, வேறு பெரிய காரணம் இல்லை.

அளவு விஷயத்தில் அவசரப்படாமல் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கையில் வேண்டியது 20 லிட்டர். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். மால்ட் குடிப்பது 5. அடிக்கசடு, குழாய், பம்ப் ஆகியவற்றில் தங்குவது 2. மொத்தம் 31 லிட்டர் தண்ணீர். இதில் 20 லிட்டர் மேலே மால்ட்டோடு இருக்கும், மீதி 11 கீழே. மால்ட்டும் இடத்தை அடைக்கும், கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக. ஆகவே மேல் அண்டாவில் நிற்பது 24 லிட்டருக்குள். 30 லிட்டர் அண்டா போதும்போலத் தெரியும். ஆனால் என்றாவது 8 கிலோ மால்ட் போட்டு அழுத்தமான பியர் காய்ச்சினால் அதுவே 30-ஐ நெருங்கிவிடும். அதனால் இரண்டையும் 40 லிட்டராகவே வாங்கினேன். கீழ் அண்டாவுக்கும் அந்த இடம் வேண்டும்; 26 லிட்டர் சாறு பொங்கும்போது பாலைவிட மோசம்.

அளவைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. கீழே நிற்கும் அந்த 11 லிட்டர், எலிமெண்டை மூட வேண்டும். 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அகல அண்டாவில் 11 லிட்டர் ஊற்றினால் 9 சென்டிமீட்டர்கூட நிற்காது. 35 சென்டிமீட்டர் அண்டாவில் 11 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். எலிமெண்ட் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அகல அண்டாவில் கைவசம் இருக்கும் இடைவெளி எவ்வளவு சின்னது பாருங்கள். மேலிருந்து வடிவது கொஞ்சம் சுணங்கினாலும் எலிமெண்ட் வெளியே தெரிந்துவிடும். சர்க்கரைச் சாறு பட்ட எலிமெண்ட் காற்றில் எரிந்தால் கருகும், அந்தக் கருகல் நாற்றம் மொத்தச் சாற்றிலும் ஏறும். அதனால் ஒடுக்கமான, உயரமான அண்டாவையே எடுத்தேன். கூடவே ஒரு மிதவை சுவிட்ச். மட்டம் இறங்கினால் எலிமெண்டை அணைத்துவிடும்.

அடுத்து பம்ப். பலர் இரண்டு வைக்கிறார்கள், ஒன்று மேலே ஏற்ற, ஒன்று கீழே இழுக்க. இரண்டு அண்டாவையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு பம்பின் வேகமும் கச்சிதமாக ஒத்துப்போகாது. ஒன்று சற்று முந்தினாலும் ஒரு மணி நேரத்தில் ஓர் அண்டா வழியும், இன்னொன்று வறளும். வால்வைத் திருகிக்கொண்டே பக்கத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு பம்ப், மற்றது தானாக வடிதல் என்று வைத்தால் தண்ணீர் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. மேல் அண்டாவில் மட்டம் ஏறினால் அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடினால் வடிவதும் வேகமாகும்; ஏதோ ஓர் உயரத்தில் ஏற்றமும் வடிதலும் சமமாகி மட்டம் நின்றுவிடும். இதற்கு மேல் அண்டாவின் குழாய், கீழ் அண்டாவின் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். கீழ் அண்டாவைத் தாழ்வான பலகையிலும் மேல் அண்டாவைக் கனமான மேசையிலும் வைத்தேன். 24 லிட்டர் சூடான கஞ்சியைத் தாங்கும் மேசை ஆடவே கூடாது, இதில் சமரசம் வேண்டாம்.

எனக்கு முன்னாலிருந்தே காய்ச்சிவரும் நண்பரிடம் எந்தப் பம்ப் வாங்கலாம் என்று கேட்டபோது, "பம்ப் எதுவோ வாங்குப்பா, வால்வை மட்டும் நல்லதா வாங்கு" என்றார். அந்தப் பேச்சு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. மோட்டார் காந்த விசையால் விசிறியைச் சுழற்றும் காந்த இணைப்புப் பம்ப்கள்தான் இந்த வேலைக்கு வழக்கம். சூடு தாங்கும், போக்கை அடைத்தாலும் மோட்டார் கெடாது. ஆனால் காற்றை அவை இழுக்கா. அண்டாவின் குழாய்க்குக் கீழே பம்ப் இருக்க வேண்டும், உள்ளே முதலில் திரவம் நிறைய வேண்டும். வேகத்தைக் குறைக்க வெளியேறும் பக்கத்து வால்வைத்தான் திருக வேண்டும். உள்ளே வரும் பக்கத்தை நெருக்கினால் பம்ப் வறண்டு, சூடான சாறு அதற்குள்ளேயே குமிழியிட்டுக் கரகரக்கும். அந்த வெளி வால்வு கால் திருகலுக்குக் கால் திருகல் ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் இந்த முறையே வேலை செய்யும்.

மால்ட் போடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். நான் அதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினேன். பம்ப் உறுமுகிறது, மேலே ஒரு சொட்டு வரவில்லை. வெளிக்குழாயை அண்டா மட்டத்துக்குக் கீழே இறக்கி ஒரு குவளையில் விட்டதும் களுக் களுக் என்று காற்று வெளியேறியது, பிறகு முழு ஓட்டம். வேகம் அளக்கக் கருவி வாங்கவில்லை. ஒரு லிட்டர் ஜாடி, கையில் கடிகாரம்: 20 விநாடியில் ஜாடி நிறைந்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர். வால்வுப் பிடி அந்த வேகத்தில் எங்கே நிற்கிறதோ அங்கே பெயின்டால் ஒரு கோடு போட்டேன். வெல்டிங் இல்லாமல் நட்டு போட்டு முடுக்கும் இணைப்புகளில் கசிவும் அன்றைக்கே தெரிந்துவிடும். வாஷரைத் திருப்பிப் போட்டு முடுக்கியதும் நின்றது.

மின்சாரத்தில் மட்டும் கைவேலை காட்டவில்லை. 3 கிலோவாட் எலிமெண்டுக்குத் தனி லைன், மின்கசிவு வந்தால் விழும் பிரேக்கர், அண்டாவுக்கு எர்த் இணைப்பு எல்லாமே எலக்ட்ரீஷியன் கையால் போட்டது. ஈரத் தரை, உலோகப் பாத்திரம், மின்சாரம் மூன்றும் சேரும் இடம் இது. 31 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 70-க்கு ஏற்றக் கணக்குப்படி அரை மணிக்குச் சற்று மேல், நிஜத்தில் 40 நிமிடம்.

காய்ச்சும் நாளில் தண்ணீரைச் சுற்றவிட்டே சூடாக்குகிறேன். இதனால் மேல் அண்டாவும் குழாய்களும் சேர்ந்தே சூடாகிவிடும். 70-ஐத் தொட்டதும் பம்பை நிறுத்தி, மேலே 20 லிட்டர் இருக்கும்படி வால்வை மூடி, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறுவேன். மேலே சூடு 66-ஐ ஒட்டி இறங்கும். உடனே பம்பைப் போடக் கூடாது. படுகை அமர 10 நிமிடம் விட வேண்டும். அப்புறம் மெதுவாகத் திறந்தால் முதலில் கலங்கலாக, மாவு மிதக்க வரும் சாறு போகப்போகக் கண்ணாடிபோல் தெளியும். 67-க்கும் தானாக வந்து சேரும்.

சூட்டை அளக்கும் சென்சாரை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. மால்ட் படுகைக்குள் வைத்தால் நேர்மையாகத் தோன்றும். ஆனால் படுகை சூடாக நேரம் பிடிக்கும்; அதுவரை சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கீழே எரித்துக்கொண்டே இருக்கும், கீழ் அண்டாவில் சாறு 75-ஐத் தாண்டிவிடும். மால்ட்டின் மாவைச் சர்க்கரையாக்கும் என்சைம்கள் சாற்றில்தான் கரைந்திருக்கின்றன. அவற்றில் 60 முதல் 65 டிகிரிவரை நன்றாக வேலை செய்யும் பீட்டா அமிலேஸ் 70-க்கு மேல் சீக்கிரம் செத்துவிடும். அது போனால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி பியர் கனத்துவிடும். அதனால் கீழ் அண்டாவின் வெளிக்குழாயில்தான் சென்சார் வைத்திருக்கிறேன். மேலே போகும் சாறு ஒருபோதும் 68-ஐத் தாண்டாது என்று தெரிந்தால் போதும், படுகை மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும்.

சிக்கல் வருவது வடிதலில். கோதுமை மால்ட் பாதிக்குப் பாதி போட்ட ஒரு நாள், வடிகுழாயில் விரல் பருமனில் வந்த ஓட்டம் நூலாக மெலிந்தது. மேலே மட்டம் ஏறுகிறது, கீழே இறங்குகிறது, மிதவை சுவிட்ச் டக் என்று எலிமெண்டை அணைத்தது. பம்பை நிறுத்தி, வடிகுழாய் வால்வையும் மூடி, படுகையை, அடியில் அதைத் தாங்கும் துளைத்தட்டுவரை கிளறி, 10 நிமிடம் அமரவிட்டு, முன்பைவிட மெதுவாகத் திறந்ததும் சரியானது. கோதுமைக்கு உமி இல்லை, படுகை களிபோல் இறுகிவிடும். இப்போது அப்படிப்பட்ட நாளில் இரண்டு கைப்பிடி நெல் உமியைக் கழுவிக் கலந்துவிடுகிறேன். அது சுவையைத் தொடாது. மால்ட்டை உடைக்கும் ரோலர் இடைவெளியும் கவனிக்க வேண்டியது. பையில் ஊறவைத்த காலத்தில் மாவாகவே அரைப்பேன், இங்கே 1.2 மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை.

ஊறி முடிந்ததும் 76-க்கு ஏற்றி 10 நிமிடம் சுற்றவிட்டு, பம்பை நிறுத்தி முழுவதும் கீழே வடிக்கிறேன். வடியும்போதே எலிமெண்ட் ஓடும். சாறு ஏற்கெனவே 76-ல் இருப்பதால் கொதி சீக்கிரம் பிடிக்கும். அதற்குப் பிறகு ஒற்றை அண்டா வேலைதான்: 60 நிமிடக் கொதி, ஹாப்ஸ், செம்புச் சுருளில் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டு 20 டிகிரிக்கு இறக்கி ஈஸ்ட். ஹாப்ஸை வலைக் கூடையில் போடுவேன், இல்லையென்றால் பம்ப் அடைக்கும். கொதியின் கடைசிக் கால் மணி நேரம் கொதிக்கும் சாற்றையே பம்ப் வழியாகச் சுற்றவிட்டால் குழாய்கள் கிருமி நீங்கிவிடும். குளிரவைக்கும்போதும் அதே பம்ப் சாற்றைச் சுருளைச் சுற்றிச் சுழற்றும். ஆறும் நேரம் நன்றாகவே குறைகிறது.

சக்கையை அண்டாவோடு தூக்குவதில்லை; மேசையிலேயே வைத்து மக்கால் அள்ளி வாளியில் போட்டுவிட்டு, வெந்நீரும் காரத்தன்மையுள்ள சலவைத்தூளும் ஊற்றிச் சுற்றவிடுவேன். பம்பின் தலையை மட்டும் நான்கு திருகைக் கழற்றிக் கையால் கழுவ வேண்டும். விசிறியின் இடுக்கில் எப்படியும் ஓர் உமியாவது இருக்கும்.

இந்த முறையில் ஒரு நஷ்டம் உண்டு. மேலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை. எல்லாத் தண்ணீரும் ஒரே அடர்த்தியில் சுற்றுகிறது. மால்ட் பிடித்துக்கொள்ளும் 5 லிட்டரும் அதே சாறுதான். 31-ல் 5 என்றால் சர்க்கரையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்கையோடு போகிறது. சாதாரண பியருக்கு இன்னோர் அரை கிலோ மால்ட் சேர்த்துச் சமாளித்துவிடுகிறேன். 8 கிலோ போடும்போது 34 லிட்டருக்கு 8 போய்விடும், கிட்டத்தட்ட கால்வாசி. அந்த வகை பியருக்கு மட்டும் 5 லிட்டர் தண்ணீரைச் சுற்றில் சேர்க்காமல் தனியே காயவைத்து, சாறு வடிந்தபின் சக்கையின்மேல் தூவி ஊற்றுகிறேன். அதற்கு வேண்டிய மூன்றாவது பாத்திரம், பழைய ஒற்றை அண்டா, இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது.