புது வண்டியை யார்டில் போய்ப் பார்க்கப் போய் நான் பட்ட பாடு

வண்டி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கோபம் இப்போதுதான் கொஞ்சம் ஆறியிருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்தேன். எந்த கம்பெனி, எந்த டீலர் என்று யாரும் கேட்காதீர்கள், இன்னும் சில வருடம் அங்கேதான் சர்வீஸுக்குப் போயாக வேண்டும். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், 19 இன்ச் சக்கரம், முழுசாகக் கப்பலில் வந்து இறங்குகிற வண்டி, கலர் கறுப்பு. இவ்வளவு போதும். கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வேலிப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவன் நான், அந்த ஆசை இத்தனை வருடம் கழித்து இந்த விலையில் வந்து நின்றிருக்கிறது.

புக்கிங், லோன் எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. ஆனி கடைசியில் வண்டி, டீலர் புது வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டுக்கு வந்துவிட்டது. ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நிற்க, ஷோரூமிலும் "ஆவணி முதல் முகூர்த்தத்துல எடுத்துக்கலாங் சார்" என்று சொல்லிவிட்டார்கள். ஆக முப்பது நாளுக்கு மேல் வண்டி வெயிலிலும் தூறலிலும் யார்டிலேயே தூங்கியது. அது எனக்கு எவ்வளவு வேலை வைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாற இருந்தேன். டெலிவரி அன்று பார்த்துக்கொள்ளலாம் என்பது சும்மா பேச்சு. பதிவு இல்லாமல் டீலர் வண்டியைக் கையில் கொடுக்க முடியாது, அதனால் அன்றைக்கு நீங்கள் பார்ப்பது ஏற்கெனவே உங்கள் பெயரில் ஏறிவிட்ட வண்டி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகிற காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதைக் கட்டி, இன்சூரன்ஸ் போட்டு, ஆர்.டி.ஓ. எண்ணும் விழுந்த பிறகு "கோடு இருக்கு, வேற வண்டி குடுங்க" என்றால் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பார்கள். இன்வாய்ஸ் போடுவதற்கு முன்னால், சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த எண்ணுள்ள வண்டியை யார்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சேல்ஸ் தம்பியின் முகம் மாறியது. "எதுக்குங் சார் அவ்ளோ தூரம்? ஷோரூமுக்கே கொண்டாந்து கழுவி பாலிஷ் போட்டு வெச்சிர்றோம்." எனக்கு வேண்டாம் என்று தோன்றியதே அந்த பாலிஷ்தான். ஷோரூம் விளக்கில், பாலிஷ் போட்ட கறுப்பு வண்டியில், எதை மறைத்தாலும் தெரியாது. கழுவுங்கள், ஆனால் துணியால் துடைக்காதீர்கள், வெறும் தண்ணீர் அடித்து விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

முதல் தடவை போனது வீண். யார்டு நீலாம்பூர் தாண்டி. வெயிலில் போய் நின்றால் வாட்ச்மேன் கேட் பாஸ் கேட்கிறார். சேல்ஸ் தம்பிக்கு போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். முக்கால் மணி நேரம் லாரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது தடவை பாஸ் இருந்தது, ஆனால் "கொஞ்சம் லேட்டாகுதுங் சார்" என்று சொல்லிச் சொல்லி ஆறரை மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். மங்கின வெளிச்சத்தில் கறுப்பு வண்டியைப் பார்த்து என்ன தெரியும்? கையெழுத்து போடச் சொல்லி ஒரு செக் லிஸ்ட்டை நீட்டினார்கள், எல்லாக் கட்டத்திலும் முன்கூட்டியே டிக் அடித்திருந்தது. நான் தொடவில்லை.

மூன்றாவது தடவை காலை எட்டு மணிக்கு. இந்த முறை மேட்டுப்பாளையம் ரோட்டில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிற தம்பி ஒருவனை அழைத்துப் போனேன். கூடவே ஆன்லைனில் வாங்கிய பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர், டார்ச், டயர் காற்று பார்க்கும் கேஜ். வாங்கியதிலேயே எனக்குப் பெருமை அந்த மீட்டர்தான். அதுதான் எனக்கு முதலில் சனியனாக வந்தது.

கதவு நான்கும் 110, 120, 130 மைக்ரான் என்று அழகாகக் காட்டியது. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 90 முதல் 150-க்குள் இருக்கும், 200-ஐத் தாண்டினால் மேலே இன்னொரு கோட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பானட்டில் வைத்தேன், ஒன்றுமே வரவில்லை. திரும்ப வைத்தேன், எண் இல்லாமல் திரையில் வெறும் கோடு கோடாகக் காட்டுகிறது. பானட்டையே பட்டி போட்டு நிரப்பிவிட்டார்கள் என்று எனக்கு வியர்த்துவிட்டது, சேல்ஸ் தம்பியிடம் குரலும் உயர்ந்துவிட்டது. பட்டறைத் தம்பி பாக்கெட்டிலிருந்து சின்ன காந்தத்தை எடுத்து பானட்டில் வைத்தான், ஒட்டவில்லை. "அலுமினியமுங்ணா. உங்க மீட்டர் இரும்புக்கு மட்டும் வேலை செய்யறது" என்றான். இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கிற மீட்டர் தனியாக இருக்கிறதாம், கொஞ்சம் விலை கூட. வாங்கினால் அதை வாங்குங்கள், இல்லையென்றால் என்னை மாதிரி யார்டில் நான்கு பேர் முன்னால் அசடு வழிய வேண்டியிருக்கும். சேல்ஸ் தம்பி மரியாதைக்காகச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அசட்டுத்தனத்தால் நான் கொஞ்சம் அடங்கிப் போனேன். அந்த நேரத்தில்தான் பட்டறைத் தம்பி முன் பம்பருக்குக் கீழே குந்தி உட்கார்ந்துகொண்டு எழவே இல்லை. பம்பர் பிளாஸ்டிக், எந்த மீட்டரும் அங்கே என்னைக் காப்பாற்றியிருக்காது. அவன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தான். ஃபெண்டரில் பெயிண்ட் மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சொரசொரப்பு, எல்லா கம்பெனி பெயிண்டிலும் இருப்பது. பம்பரில் இடது பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழ. பார்க்கிங் சென்சார் வளையத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்புத் தூவல். கீழ் விளிம்பில் டேப் ஒட்டி எடுத்த கோடு, விரல் நகம் தட்டுகிறது. "இது பட்டறை வேலைங்ணா. நல்ல வேலைதான், நான் செஞ்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்." பாராட்டு வேறு.

முதலில் சேல்ஸ் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, வண்டி கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகிறது என்றார். மேனேஜருக்கு போன். அவரும் அதையே சொன்னார், கூடவே இந்தக் கலரில் தமிழ்நாட்டுக்கே விரல் விட்டு எண்ணும் வண்டிதான் வந்திருக்கிறது, வேண்டாம் என்றால் வரிசையில் ஆள் நிற்கிறது என்று ஒரு குத்து. உண்மையும்தான், இது ஆர்டர் போட்டால் அடுத்த மாதம் வருகிற வண்டி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சரி, வரிசையில் நிற்பவரையும் இந்த பம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் யார்டு சூப்பர்வைசர்தான், பாவம் மனுஷன், மெல்லச் சொன்னார்: டிரெய்லரிலிருந்து இறக்கும்போது சாய்வுப் பலகையில் பம்பரின் கீழ் உதடு இழுத்துவிட்டதாம். தரையோடு ஒட்டின வண்டிகளுக்கு இது நடக்கிற விஷயம்தான். மறைத்ததுதான் எனக்கு எரிகிறது.

இங்கே நான் கோபத்தில் வண்டியே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பட்டறைத் தம்பிதான் நிதானமாக யோசித்தான். பம்பரில் கோடு மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை, அதற்குப் பின்னால் என்ன ஆகியிருக்கிறது என்பதுதான் கேள்வி. டர்போ வண்டிக்கு முன்னால் இன்டர்கூலர், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர் எல்லாம் அடுக்காக உட்கார்ந்திருக்கிறது. முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற ரேடாரும் அங்கேதான். பம்பரைக் கழற்றிக் காட்டச் சொன்னோம். மறுநாள் சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றி, அடி மூடியை எடுத்து, பம்பருக்குப் பின்னால் இடியைத் தாங்குகிற பீமைக் காட்டினார்கள். நெளிவு இல்லை, கிளிப் ஒன்று உடைந்திருந்தது. ஸ்கேனர் போட்டு ரேடார் உட்பட எரர் எதுவும் இல்லை என்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். பம்பருக்குப் பெயிண்ட் அடித்ததை ஒத்துக்கொண்டு, அது உரிந்தாலோ நிறம் மாறினாலோ அவர்கள் செலவில் சரி செய்வதாகவும், இரண்டு வருட கூடுதல் வாரண்டி இலவசம் என்றும் ஈமெயிலில் எழுதி வாங்கினேன். ஈமெயில் வர நான்கு நாள். மேனேஜர் போனில் "நான் சொல்றனுங்களே சார், நம்புங்க" என்று நான்கு தடவை சொன்னார், நானும் நான்கு தடவை "மெயில் வந்ததும் மீதிப் பணம் வருமுங்க" என்றேன். மீதிப் பணம் நம் கையில் இருக்கிறவரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு.

பேட்டரி விஷயத்தை விட்டுவிட்டேன். யார்டில் சாவி போட்டதும் டேஷ்போர்டு கடிகாரம் நள்ளிரவு 12.10 காட்டியது, தேதியும் தப்பு. அப்படியென்றால் பேட்டரி சுத்தமாக இறங்கி, நான் வருவதற்கு முன்னால் வேறு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பியிருக்கிறார்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டியது, மறுநாள் காலை இன்ஜின் போடாமல் அளந்தால் 11.9. சார்ஜ் போட்டால் போதும் என்றார்கள். அடியோடு இறங்கின பேட்டரியின் ஆயுள் பாதி போனது மாதிரிதான் என்று தம்பி சொல்ல, பாரம் கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கிற லோடு டெஸ்ட் போட்டுக் காட்டுங்கள் என்று நின்றேன். டெஸ்டில் தேறவில்லை, புதுசு மாற்றிக் கொடுத்தார்கள். ஆடிக்காக வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இதை மட்டுமாவது கேளுங்கள்.

டயரில் அது தயாரான வாரத்தைச் சொல்லும் நாலு இலக்க எண் இருக்கும், 0824 என்றால் 2024-ஆம் வருடத்தின் எட்டாவது வாரம். என் வண்டியில் மூன்று டயரில் ஒரே வாரம், நான்காவதில் அதற்கு அடுத்த வாரம், இதற்கெல்லாம் சண்டை வேண்டாம். முன் டயர்களில் புது ரப்பர் முடி தேயாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, அதாவது யார்டு பையன்கள் யாரும் சக்கரத்தைத் தேய்த்து விளையாடவில்லை. கிலோமீட்டர் 31. காற்று 48 இருந்தது, நின்ற இடத்தில் டயர் தட்டையாகாமல் இருக்கக் கப்பலில் அனுப்பும்போது கூட்டித்தான் அடிப்பார்கள், டெலிவரிக்குக் குறைக்க மறந்துவிடுவார்கள், குறைத்தார்களா என்று பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் துரு இருந்தால் பயப்படாதீர்கள், நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும். முன் ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை செருகியிருந்தது, வண்டி கப்பலில் குதிக்காமல் இருக்க. யார்டில் அது இருப்பது சரிதான், டெலிவரிக்கு முன் எடுக்க வேண்டும். மனதில் குறித்துக்கொண்டேன்.

பேப்பரில் ஒரே ஒரு கூத்து. இன்சூரன்ஸ் பாலிசியில் சேசிஸ் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தை அடித்திருந்தார்கள். "ரெண்டும் ஒண்ணுதானுங் சார்" என்றது கவுண்டரில் இருந்த பெண். 17 இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது, இப்படிக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, கண்ணாடிக்குக் கீழே இருந்த எண்ணைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். கூகுள் பண்ணிப் பார்த்துவிட்டுத் திருத்திக் கொடுத்தது. பானட் அவமானத்துக்கு அது ஒரு சின்னப் பழிவாங்கல். (விபத்தன்று அந்த ஒரு எழுத்தை வைத்து கிளைமை இழுத்தடிப்பார்கள், அதனால் பாலிசி, இன்வாய்ஸ், கம்பெனி தருகிற தகுதிச் சான்றான படிவம் 22, வண்டி நான்கிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.)

டெலிவரி புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகு காலம், அதற்குள் கிளம்பி ஈச்சனாரி பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட வேண்டும் என்று அம்மா. மாலை, கேக், பெரிய அட்டைச் சாவி, போட்டோ எல்லாம் ஆயிற்று. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் டார்ச்சோடு குந்தினேன். இடது பக்கம் கட்டை இல்லை. வலது பக்கம் அப்படியே இருக்கிறது.

மாலை போட்ட வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மேனேஜர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி கேட்டார், சர்வீஸ் பையன் ஸ்பிரிங் விரிந்ததும் கட்டையை உருவிக்கொண்டு வெளியே வந்து "சாரிங்ணா, இந்தப் பக்கத்த மறந்துட்டன்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 11.52-க்கு கேட்டைத் தாண்டினோம்.

கட்டையை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. டிக்கியில் டூல் கிட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.