கடலூரிலிருந்து ட்ராக் பாடி அனுப்புகிறவர்களுக்கு

சினிமாவில் பாட வேண்டுமென்றால் சென்னை சாலிகிராமத்தில் ரூம் எடுத்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. இன்றைக்கு முதல் வேலை பெரும்பாலும் ஃபைலாகத்தான் வருகிறது. டியூன் போட்டவர் வாட்ஸ்அப்பில் ஒரு இசை ஃபைலைத் தட்டிவிட்டு, "காலைக்குள்ள ஒரு ஸ்க்ராட்ச் பாடி அனுப்ப முடியுமா?" என்பார். பெரிய பாடகர் வருவதற்கு முன் மெட்டு எப்படி இருக்கும் என்று இயக்குநருக்குக் காட்டப் பாடிவைப்பதுதான் ஸ்க்ராட்ச்; ட்ராக் என்றும் சொல்வார்கள். சில சமயம் அந்தக் குரலே படத்திலும் நின்றுவிடும். இதைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ உட்கார்ந்தே செய்யலாம்.

முதலில் அறை. கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் அறையில் கை தட்டினால் சத்தத்துக்கு வால் முளைக்கும். அந்த வால் குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டால் மிக்ஸிங்கில் யாராலும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. மெல்லிய ஃபோமும் கீச்சு ஒலியை மட்டும்தான் உறிஞ்சும்; கீழ் ஒலி அப்படியே நின்று குரல் டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். வீட்டிலிருக்கும் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் 'ட' போல நிறுத்துங்கள். மைக்குக்குப் பின்னால் வைக்கிறவர்கள்தான் அதிகம். கார்டியாய்டு மைக் தனக்கு எதிரே இருப்பதைத்தான் கேட்கும்; பாடுகிறவரும் அவர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரும்தான் அதன் எதிரே இருக்கின்றன.

ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். (முடிந்ததும் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து வீட்டில் திட்டு வாங்காமல் இருக்க, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள்.) ராத்திரி பதினொன்றிலிருந்து நாலு மணி வரை நல்ல நேரம். மார்கழியில் அதற்குள் முடித்துவிட வேண்டும், கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிடும். ஆடியில் கூழ் ஊற்றும் நாட்களில் பகலில் மைக்கைத் திறக்கவே வேண்டாம். ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். எலக்ட்ரீஷியன் வரும்வரை பேட்டரியில் பதிவு செய்யலாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக்காற்று. கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் ஏறினால் 'பட் பட்' என்று பொரியும். மைக் கெட்டுவிட்டது என்று விற்றுவிடாதீர்கள், பல சமயம் அது ஈரம்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்து, பாடும்போது மட்டும் வெளியே எடுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைக்க வேண்டும்.

ஆரம்பநிலை இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), கண்டென்சர் மைக், மூடிய வகை ஹெட்போன், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை) எல்லாம் 25,000 ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு மேல் இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள். கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவரைப் போட மறந்துவிட்டு 'சத்தமே வரவில்லை' என்று கடைக்காரருக்குப் போன் போடுவது தனிக்கதை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். பாட்டிலேயே உரக்கப் பாடும் வரியைப் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் திருகு) வையுங்கள். 24 பிட்டில் பதிவதால் குறைவாகப் பதிந்தாலும் ஏற்றிக்கொள்ளலாம். சிவப்பில் முட்டி உடைந்தது உடைந்ததுதான். தாளம் பிடிக்க ஓடும் க்ளிக் சத்தத்தை ஹெட்போனில் அலறவிட்டால் அது காதுவழி கசிந்து மைக்கில் விழும். மெதுவான பாட்டின் இடைவெளிகளில் 'டிக் டிக்' கேட்டால் எடுத்த டேக் வீண்.

கச்சேரிப் பழக்கத்தில் 'என் சுருதி ஒன்றரைக் கட்டை' என்று சொன்னால், கணினியில் இசை கோக்கும் புரோகிராமருக்கு அது போதாது. ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். இதோடு எந்த ஸ்வரம் வரை கீழே இறங்க முடியும், எதுவரை கத்தாமல் மேலே போக முடியும் என்று கீபோர்டில் தொட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தருகிறவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

ஃபைல் அனுப்புவதில்தான் புதியவர்கள் பேர் கெடுகிறது. வந்த இசை ஃபைல் எந்த சாம்பிள் ரேட்டோ (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற கணக்கு) அதிலேயே பதிய வேண்டும்; சினிமா வேலை என்றால் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ். 44.1-ல் பதிந்ததை 48 செஷனில் மாற்றாமல் அப்படியே போட்டால், பாட்டு சுமார் ஒன்பது சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிவிடும். கேட்கிறவர் 'பொண்ணுக்கு சுருதியே நிற்கலையே' என்று மூடிவிடுவார். காரணம் தேட அவருக்கு நேரமில்லை.

ஒற்றைக் குரலுக்கு மோனோ வேவ் ஃபைல் போதும். இரண்டாம் சரணத்தில் மட்டும் ஹார்மனி பாடியிருந்தாலும் ஃபைல் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கே பொருத்துவது என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். ரிவெர்ப், ஆட்டோட்யூன் எதுவும் போடாத வெறும் குரலை அனுப்புங்கள். எஃபெக்ட் போட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானால் தனியாக ஒரு எம்பி3. ஃபைல் பெயரில் பாட்டுப் பெயர், டெம்போ, ஸ்கேல், உங்கள் பெயர், 'லீட்', 'டபுள்', 'ஹார்மனி' என எந்தக் குரல் என்பது இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று வரும் ஃபைல்களைப் பார்த்தாலே சவுண்ட் எஞ்சினியருக்குத் தலை சுற்றும். நாலு நிமிடம் ஓடும் 24 பிட் மோனோ ஃபைல் சுமார் 35 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாகப் போடாதீர்கள், சுருங்கிவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி, லிங்க் உள்ளவர் யாரும் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்து, வேறொரு போனில் திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள். ராத்திரி ஒரு மணிக்கு 'அக்சஸ் கேட்குதுப்பா' என்று மெசேஜ் போட்டவர், நீங்கள் தூங்கிவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

யாருக்கு டெமோ அனுப்புவது? புகழ்பெற்ற இசையமைப்பாளரின் இன்பாக்ஸில் உங்கள் பாட்டு ஆயிரத்தில் ஒன்று. அவரிடம் வேலை செய்யும் புரோகிராமர்கள், குறும்படத்துக்கும் விளம்பரத்துக்கும் இசை போடுகிறவர்கள், சின்ன ஸ்டுடியோ எஞ்சினியர்கள்: இவர்களுக்குத்தான் அவசரமாகக் குரல் தேவைப்படும். மூன்று துண்டுகள் போதும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். மெலடி ஒன்று, குத்தோ நாட்டுப்புறமோ ஒன்று, மூன்றாவது உங்கள் இஷ்டம். பத்து விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும். ழகரம் நழுவுகிறதா என்று யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

நேரில் பாடி ஆட்களைப் பிடிக்கவும் இங்கேயே இடமுண்டு. ஜூன் 21 அன்று ஃபெத் த லா மியூசிக் என்ற இசைத் திருநாள் கொண்டாட்டத்தில் புதுச்சேரியில் பாட்டுச் சத்தம் கேட்கும். புதுச்சேரி வானொலி நிலையம் உண்டு. அகில இந்திய வானொலியின் ஆடிஷனில் தேறினால் 'பி'யிலிருந்து 'டாப்' வரை கிரேடு கிடைக்கும். கர்நாடக இசைக்காரர்களுக்கு அந்த கிரேடு சபாக்களிலும் பேசும்.

'பாட வாய்ப்புத் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்றால் போனை வைத்துவிடுங்கள். பாடுவதற்கு முன் நாலு விஷயங்களை மெசேஜிலாவது எழுதி வாங்குங்கள்: இது ஸ்க்ராட்சா ஃபைனலா, எவ்வளவு தருவீர்கள், ஸ்க்ராட்சே ஃபைனலாகப் போனால் பெயர் போடுவீர்களா, கூடுதலாக எவ்வளவு. மெட்டோ வரியோ நீங்கள் எழுதியிருந்தால் கணக்கு வேறு. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டிப் பங்கை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது, கொடுத்தாலும் செல்லாது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்கான ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினரானால் அந்தப் பங்கு வந்து சேர வழி உண்டு. பாடகர்களுக்கு இஸாம்ரா என்ற சங்கம்.

சொந்தப் பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றுகிறவர்களுக்கு: பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க ரிலீசுக்கு ஏழு நாளாவது முன்பே ஏற்றிவிடுவது நல்லது. பன்னிரண்டு மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு அங்கே காசு இல்லை. இனிஷியலை ஒரு பாட்டில் முன்னாலும் அடுத்ததில் பின்னாலும் போட்டால் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். பாட்டை அங்கே ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பாட்டுக்குரிய 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைப் பழைய கணக்கிலிருந்து குறித்து எடுத்துக்கொண்டு, அதையே புதிய இடத்திலும் கொடுங்கள். புது எண் விழுந்தால் அதுவரை வந்த ஸ்ட்ரீம் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும்.