இருபது வாசல் ஏறி இறங்கும் ஒரு பம்ப்செட்

காலை எட்டரை மணிக்குக் கோவை ஆவாரம்பாளையம் ரோட்டில் வரிசையாகப் போகும் டிவிஎஸ் 50 வண்டிகளை நம் பாலிடெக்னிக்கில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டோம். பின்சீட்டில் ஆள் இருக்காது. வார்த்து எடுத்த மோட்டார் பாடி மூன்றோ நான்கோ பழைய டியூபால் இறுக்கிக் கட்டியிருக்கும். பவுண்டரியில் இருந்து லேத்துப் பட்டறைக்கு, அங்கிருந்து டிரில்லிங்குக்கு, பிறகு காயில் (கம்பிச்சுருள்) கட்ட, பெயின்ட் அடிக்க, அசெம்பிளிக்கு. ஷாஃப்ட் ஒரு வழியாக வரும், இம்பெல்லர் (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம்) இன்னொரு வழியாக வரும். ஒரு பம்ப்செட் அட்டைப்பெட்டிக்குள் போவதற்குள் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று இருபது வாசலாவது ஏறி இறங்கியிருக்கும். துபாயிலும் தோஹாவிலும் ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் நடக்கும் ஆலைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள், ஊருக்கு வந்தால் தவறாமல் கேட்கும் கேள்வி: இன்னமுமா இப்படிச் செய்கிறார்கள்? சிறு பட்டறைகளில் இன்னமும் இப்படித்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

கோவையில் நிலக்கரி கிடையாது, இரும்புத் தாது கிடையாது, துறைமுகம் கிடையாது. கரிசல் மண்ணும் பருத்தியும் இருந்தன. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-இல் பைகாராவில் நீர்மின்சாரம் உற்பத்தி தொடங்கிய பிறகு மில்கள் மளமளவென்று எழுந்தன. மில் ஓடினால் ஸ்பேர் தேயும்; தேய்ந்ததைப் பார்த்து அதேபோல் வார்த்துக் கடைந்து கொடுக்கப் பட்டறைகள் முளைத்தன. அதே மின்கம்பி தோட்டங்களுக்கும் போயிற்று. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியபோது, அதற்கான வாடிக்கையாளர் ஏற்கெனவே கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரின் இயந்திரங்களை மாற்றியதில் பெரிய பங்கு தண்ணீர் மட்டத்துக்கு உண்டு. மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்பு கணக்குப்படி 10.3 மீட்டர் வரை தூக்க வேண்டும். ஆனால் குழாயின் உராய்வு, குழாய் அடியில் இருக்கும் ஃபுட் வால்வின் தடை, கோவையின் உயரம் எல்லாவற்றையும் கழித்தால் 6, 7 மீட்டர்தான் நடைமுறை. அதற்குக் கீழே தண்ணீர் போனால் என்ன செய்வது? கிணற்றுச் சுவரில் திண்டு கட்டி மோட்டாரை இறக்கினார்கள். மட்டம் இன்னும் இறங்கினால் இன்னொரு திண்டு. ஒரு மழைக்கு ஊற்று ஏறினால் மோட்டார் மூழ்கிவிடும், காயில் கருகும். ஆளைக் கூப்பிட்டு, தூக்கி, உலர்த்தி, மறுபடி கட்ட வேண்டும். அந்த அவஸ்தையில்தான் ஜெட் பம்பும், போர்வெல்லில் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரஸரும், கடைசியில் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கும் சப்மெர்சிபிளும் இங்கே பரவின. இப்போது 1000 அடி போர் கோவை மாவட்டத்தில் அதிசயம் இல்லை. ஒரு ஸ்டேஜுக்கு (ஒரு இம்பெல்லரும் அதைச் சுற்றிய பவுல் என்ற கூடும் சேர்ந்த அடுக்குக்கு) சுமார் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டர் தூக்க 30 இம்பெல்லர், 30 பவுல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். அதில் ஒன்று அரை மில்லிமீட்டர் கோணினாலும் ஷாஃப்ட் முழுவதும் அந்த ஆட்டத்தைச் சுமக்கும்.

அதனால் வார்ப்பில் இருந்து தொடங்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். பேட்டன் (மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி) செய்பவர் அந்த ஒரு சதவீதத்தைச் சேர்த்து அளவெடுப்பார். பேட்டனை மண்ணில் இருந்து உருவும்போது ஓரம் பிய்யாமல் இருக்க ஒன்றிரண்டு டிகிரி சாய்வும் கொடுப்பார். கடைசல் பிடிக்கும் முகங்களுக்கு 2, 3 மில்லிமீட்டர் கூடுதல் சதை விட வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் முன்பு தேக்கு மரத்தில் உளியால் செய்தவர்கள் இருந்தார்கள். இன்று அதையே கணினியில் வரைந்து, அலுமினியத்தில் வெட்டுகிறார்கள். சுருக்கக் கணக்கு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மண்ணில்தான் பாதித் தொழில். சிலிக்கா மணல், அதில் பெண்டோனைட் களிமண், கொஞ்சம் நிலக்கரித் தூள், தண்ணீர். ஈரம் 3, 4 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து உடைத்தால் விளிம்பு கூர்மையாக, தூள் கொட்டாமல் இரண்டாகப் பிளக்க வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. ஈரம் கூடினால் உருகிய இரும்பு பட்டதும் ஆவி கிளம்பி, வெளியேற வழியில்லாமல் உள்ளே குமிழ் விடும். வெளியில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும் இம்பெல்லர், லேத்தில் இரண்டு மில்லிமீட்டர் கடைந்ததும் ப்ளோ ஹோலைக் காட்டும். அதற்குள் வார்த்த கூலி, சுமந்த கூலி, கடைந்த கூலி மூன்றும் போயிருக்கும். ஈரம் குறைந்தால் மண் உதிர்ந்து இரும்புக்குள் கலந்துவிடும்.

மூடிய இம்பெல்லருக்கு உள்ளே தண்ணீர் போகும் பாதையை வடிப்பது கோர். மணலில் 3 முதல் 5 சதவீதம் சோடியம் சிலிகேட் கலந்து, அச்சில் அடைத்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் சில நொடிகளில் கல்லாக இறுகும். வாயு அதிகம் போனால் கோர் பிறகு பொடிந்துவிடும். போதாவிட்டால் தூக்கும்போதே உடையும். மண் அச்சுப் பெட்டியை மூடும்போது கோர் ஒரு பக்கம் நகர்ந்தால் இம்பெல்லரின் ஒரு வேன் (தண்ணீரைத் தள்ளும் இதழ்) தடிமனாகவும் எதிர் வேன் மெலிதாகவும் வரும். பேலன்ஸ் செய்யும் இடத்தில் அந்த இம்பெல்லர் கத்தி விளிம்பில் நிற்காமல் எப்போதும் கனத்த பக்கம் கீழே வந்து நிற்கும். எங்கே தவறு என்று கோர் வைத்தவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

மெலிந்த விளிம்புகளில் இன்னொரு தொல்லை உண்டு. அவை வேகமாக ஆறுவதால் கிராஃபைட் பிரியாமல் கடினமான வெள்ளை இரும்பாகிவிடும். டூல் பிட் அதில் பட்டால் கிறீச்சென்று சத்தம் போட்டு முனை மழுங்கும். லேடிலில் (உருகிய இரும்பை ஏந்தும் வாளியில்) இரும்பு இறங்கும்போதே கொஞ்சம் ஃபெரோ சிலிகான் தூவினால் இது அடங்கும். தூவிய பிறகு தாமதிக்காமல் ஊற்றிவிட வேண்டும். பத்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் தூவியதன் பலன் போய்விடும்.

அடுத்து காயில். சப்மெர்சிபிள் மோட்டாரில் பெரும்பாலானவை உள்ளே தண்ணீர் நிரப்பி ஓடுபவை. அதனால் சாதாரண எனாமல் கம்பி ஆகாது. தாமிரத்தின் மேல் பாலியெஸ்டர் பிலிமும் பாலிபுரொப்பிலீன் டேப்பும் சுற்றிய கம்பி வேண்டும். காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டின் வாய் குறுகலாக இருப்பதால் மேலிருந்து போட முடியாது. ஒவ்வொரு சுற்றையும் ஒரு முனையில் நுழைத்து மறுமுனையில் இழுக்க வேண்டும். 24 ஸ்லாட், இரண்டு போல் (காந்தமுனை), மூன்று பேஸ் மோட்டாரில் வெளிக்காயில் ஸ்லாட் எண் 1-க்கும் 12-க்கும், உள்காயில் 2-க்கும் 11-க்கும் போகும். ஸ்லாட் ஓரத்தில் கம்பி ஒருமுறை உரசினால் டேப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அன்று ஓடும். ஒரு மாதம் ஓடும். ஒருநாள் 800 அடி ஆழத்தில் அந்தக் கீறலில் தண்ணீர் புகுந்து மின்சாரம் கசிந்து எர்த் ஆகும். அப்போது குழாய் முழுவதையும் கழற்றி ஏற்ற வேண்டும். அதனால்தான் நல்ல கடைகளில் கட்டி முடித்த ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத பகுதியை)த் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மின்கசிவு காட்டும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. இந்த வேலையில் பெண்களின் கை பெரிய கை. ஒரே இழுப்பு அழுத்தத்தில் ஐம்பது சுற்றும் ஒரே நீளமாக வரும்படி இழுக்கிறார்கள். காயில் தலை மட்டமாக நிற்பதைப் பார்த்தாலே யார் கட்டியது என்று சொல்லிவிடலாம்.

தோட்டத்தில் மோட்டார் போவதற்கான காரணங்களைக் கேட்டால் எந்தக் காயில் கடையிலும் ஏறக்குறைய இதே வரிசையில் சொல்வார்கள். மூன்று பேஸில் ஒன்று போய் இரண்டில் ஓடியது. தண்ணீர் வற்றிய பிறகும் ஓடியது. இறக்குமுன் மோட்டாருக்குள் தண்ணீர் நிரப்ப மறந்தார்கள். பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் காய்ந்தபடி உரசிப் போனது. போரின் அடிமட்டத்தில் சேற்றுக்குள் உட்கார்ந்ததால், பாடியைச் சுற்றித் தண்ணீர் ஓடாமல் வெந்தது. கேபிள் ஜாயின்ட் விட்டது. தண்ணீர் வருகிறது ஆனால் குறைவாக வருகிறது என்றால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள், எந்த இரண்டு வயரையாவது மாற்றிக் கட்டுங்கள் என்பார்கள். பாதி நேரம் அதுதான்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 1990-க்குப் பிறகு தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். யூனிட் கணக்குப் பார்க்காத தோட்டத்துக்காரர் பம்பின் திறனைக் கேட்பதில்லை. வோல்டேஜ் குறைந்தாலும் எடுக்குமா என்றுதான் கேட்கிறார். 415 வோல்ட் வர வேண்டிய லைன் கடைசியில் 350-க்கு இறங்கும். அதற்கு ஈடாகத் தாமிரத்தைக் கூட்டி, சுற்றைக் குறைத்து வடிவமைக்கக் கற்றுக்கொண்டது இந்த ஊர். இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் வைத்து மூன்றாவதை உண்டாக்கும் கன்வெர்ட்டர் பெட்டியும் இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு கட்டப்பட்டது. மின்வாரியப் புத்தகத்தில் இல்லாத பொறியியல் இது. தோட்டத்தில் பயிர் காயாமல் காத்ததும் இதுதான், டிரான்ஸ்ஃபார்மரைச் சூடேற்றியதும் இதுதான்.

ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) கொஞ்சம் அதிகமாக இருக்கும் பம்பை வேறு கிணற்றுக்குப் பொருத்துவது இன்னொரு கைவேலை. இம்பெல்லரின் வெளி விட்டத்தை லேத்தில் 10 சதவீதம் குறைத்தால் ஹெட் 81 சதவீதத்துக்கும், இழுக்கும் பவர் சுமார் 73 சதவீதத்துக்கும் இறங்கும். புதிய பேட்டன் தேவையில்லை. அதிகம் கடைந்தால் வேனுக்கும் பவுலுக்கும் இடையே இடைவெளி கூடித் திறன் விழும். எங்கே நிறுத்துவது என்பதில் லேத்துக்காரரின் அனுபவம் இருக்கிறது.

இதே பட்டறைகளின் மூளையில் இருந்துதான் மாவாட்டும் கிரைண்டரும் வந்தது. 1955-இல் கோவையின் பி.சபாபதி அதைச் செய்தார். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும். இதில் கல் பதித்த பாத்திரம் சுற்ற, குழவிகள் உரசலில் தாமாகச் சுழலும். வேகம் குறைவு என்பதால் மாவு சூடேறாது, அதனால் நன்றாகப் புளித்துப் பொங்கும். மிக்ஸியில் அரைத்த இட்லிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சூடுதான். கல் ஊத்துக்குளிப் பக்கம் இருந்து வருகிறது. வழுவழுப்பானால் உளியால் கொத்த வேண்டும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இத்தனை வாசல்களாகப் பிரித்துச் செய்வதில் உள்ள பலம் இதுதான்: 1 லேத்து வாங்க முடிந்தவர் முதலாளி ஆகலாம். பம்பு முழுவதையும் செய்யத் தெரியாதவர் ஷாஃப்டில் கீவே என்ற சிறு பள்ளம் மட்டும் வெட்டிப் பிழைக்கலாம். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பவருக்கு ஆலை தேவையில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் பேட்டன், வார்ப்பு, கடைசல் எல்லாம் கிடைக்கும், திங்கள் சொன்னால் சனிக்கிழமை அதன் மாதிரிப் பொருள் கையில் இருக்கும். பலவீனமும் அங்கேயேதான். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் நிற்கும். 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு வாட்டியபோது இண்டக்‌ஷன் ஃபர்னஸ் வைத்த பவுண்டரிகள் நடுங்கின. உருகிய இரும்பு உள்ளே இருக்கும்போது கரண்ட் போனால் அது கட்டியாகி, உட்பூச்சு முழுவதையும் உடைத்தெடுக்க வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஜாப் ஒர்க்குக்கு (அடுத்தவர் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலைக்கு) 18 சதவீதம். 2019-இல்தான் 12 ஆயிற்று. வரியை முன்னால் கட்டிவிட்டு, ஆர்டர் கொடுத்தவரின் பணத்துக்குத் தொண்ணூறு நாள் காத்திருக்கும் ஒற்றை லேத்துக்காரர் எங்கே போவார்? வெட் கிரைண்டருக்கான வரி 28-இல் தொடங்கி, 12, 5 என்று இறங்கி, 2022 ஜூலையில் மறுபடி 18-க்கு ஏறியது. விலைப்பட்டியலைத் திரும்பத் திரும்ப அச்சடித்தவர்கள் சிறுகடைக்காரர்கள். குஜராத்தின் ராஜ்கோட் பம்புகளின் விலைப்போட்டியும் இதோடு சேர்ந்துகொண்டது.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கியபோது ஜி.டி.நாயுடு அதன் முதல்வராக இருந்தார். பாடத்தைக் குறைந்த காலத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், வருடங்களை வீணாக்க வேண்டாம் என்பது அவர் வாதம். நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக அரம் போட்டு, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார்த்து, கோடாக ஒளி கசிந்தால் திரும்ப அரம் போட வைத்த பயிற்சிக்கு எந்தக் குறுக்குவழியும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரி: படிப்பும் பட்டறையும் ஏன் இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? இன்று சரவணம்பட்டியில் மென்பொருள் எழுதும் பிள்ளைகளின் அலுவலகத்துக்கும் கணபதியில் சிஎன்சி ஓட்டும் பட்டறைக்கும் இடையே பஸ்ஸில் அரைமணி நேரம்தான்.

அந்த அரைமணி தூரம் இப்போது அவசரமாகக் குறைய வேண்டியிருக்கிறது. சோலார் பம்புகள் வந்துவிட்டன. 5 ஹெச்பி பம்புக்கு 4.8 கிலோவாட் பலகை போடுகிறார்கள். பலகையின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கன்ட்ரோலர் ஒரு சர்க்யூட் போர்டு, பல கம்பெனிகளில் ரெசின் ஊற்றி மூடியது. காயில் கடை மேஜை டிராயரில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். மோட்டாரின் பெயர், ஹெச்பி, ஸ்லாட் எண்ணிக்கை, ஸ்டேட்டர் கோரின் நீளம், கம்பியின் கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எந்த இணைப்பு என்று முப்பது வருடம் பிரித்துப் பார்த்த அத்தனை மோட்டாரும் அதில் பேனாவால் எழுதியிருக்கும். கடைக்குப் புதிதாக வரும் பையன் முதலில் படிப்பது அதைத்தான். கன்ட்ரோலருக்கு அப்படி ஒரு நோட்டு இன்னும் யாரும் எழுதவில்லை. மூடிய பெட்டியோடு தோட்டத்துக்காரர் வந்து நிற்கும்போது, கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மட்டும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்.