‘புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதாதீர்கள்

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், பேராசிரியர் கூப்பிட்டு, “நம் முதுகலைப் படிப்புக்கு மறு அங்கீகாரம் வருகிறது. மாட்யூல் கையேட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மாட்யூல் என்றால் ஒரு பாடத் தொகுதி; ஒவ்வொன்றிலும் என்ன கற்பிக்கிறோம், எப்படித் தேர்வு வைக்கிறோம் என்று சொல்வது அந்தக் கையேடு. பழைய கோப்பில் தேதியை மாற்றினால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் ஆனது.

அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தபோது என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) ஆய்வுக்காக இதே மாதிரி அட்டவணைகளை நிரப்பியிருக்கிறேன். பாட விளைவு ஒரு பக்கம், படிப்பின் விளைவு மறுபக்கம், நடுவில் இரண்டுக்கும் எவ்வளவு தொடர்பு என்று 1, 2, 3 எண்கள். ஆய்வுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து போட்ட எண்கள்தான் எல்லாம்.

இங்கே ஒரு படிப்புக்குக் கிடைக்கும் அங்கீகாரம் 8 வருஷம் செல்லும். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஏஜென்சி நிபுணர் குழுவை அனுப்பும். குழுவில் பேராசிரியர்களோடு தொழில்துறையிலிருந்து ஒருவர், வேறொரு பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். 2018 முதல் முடிவெடுப்பது ஏஜென்சி இல்லை, பான் நகரில் இருக்கும் அங்கீகார கவுன்சில். இதற்கெல்லாம் அடிப்படை, ஐரோப்பிய நாடுகள் தங்கள் உயர்கல்வியை ஒத்திசைக்க 1999இல் தொடங்கிய போலோன்யா ஏற்பாட்டின் கீழ் 2005இல் ஏற்கப்பட்டு 2015இல் யெரெவானில் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தர நெறிமுறைகள்.

என் பங்கு சென்சார் மாட்யூல். முதலில் கற்றல் விளைவு, அதாவது பாடம் முடிந்ததும் மாணவர்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்ற வாக்கியம். “மாணவர்கள் சென்சார்களின் அடிப்படைகளைப் புரிந்துகொள்வார்கள்” என்று எழுதி அனுப்பினேன். தரப் பிரிவு அம்மையார் ‘புரிந்துகொள்வார்கள்’ மீது ஒரு கோடு போட்டு, பக்கத்தில், “புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ‘அறிவார்கள்’ என்று மாற்றினேன். அதிலும் கோடு. நாலாவது முறை எழுதியது இது: “ஒரு வேலைக்குத் தகுந்த சென்சாரைத் தேர்ந்தெடுப்பார்கள், அளவீட்டுப் பிழையைக் கணக்கிடுவார்கள், தங்கள் தேர்வை மற்றவர்கள் முன்னால் வாதிட்டு நிறுவுவார்கள்.” அவர் கோடு போடவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை குழு வந்த நாள் காலை வரைதான். பேராசிரியர்கள் ஆராய்ச்சி நிதி, ஆய்வக இடம் என்று ஏதேதோ கேட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாணவர் கையேட்டைப் புரட்டி, “இந்த மாட்யூலில் ‘வாதிட்டு நிறுவுவார்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். தேர்வு 90 நிமிட எழுத்துத் தேர்வு. வாதிடுவதை எங்கே பார்க்கிறீர்கள்?” என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் காபி பிளாஸ்க்கைப் பார்த்தேன்.

மத்தியானம் நம் மாணவர்களோடு குழு தனியாகப் பேசியது. ஆசிரியர்கள் யாரும் உள்ளே போகக்கூடாது. என்ன சொன்னார்கள் என்பது சாயங்காலம் தெரிந்தது. மாட்யூலுக்கு 5 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் உழைப்பு 30 மணி நேரம் என்று வைத்து 150 மணி நேரம் போட்டிருந்தேன். வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் 60 போனால் மீதி 90. ஆறு சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அறிக்கை. ஒன்றை எழுத 12 மணி நேரம் ஆகிறது என்றார்களாம். அதிலேயே 72 போய்விடுகிறது. தேர்வுக்குப் படிக்க மிஞ்சுவது 18 மணி நேரம். கையேட்டில் ‘தேர்வுத் தயாரிப்பு: 50’ என்று நான்தான் போட்டிருந்தேன். எங்கிருந்து வந்த எண் என்று கேட்டால் பதில் இல்லை. ஊர்ப் பழக்கம்.

அங்கீகாரம் நிபந்தனையோடு வந்தது: தேர்வு முறையை 12 மாதத்துக்குள் கற்றல் விளைவோடு பொருத்த வேண்டும். வாக்கியத்தை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு சக ஊழியர் யோசனை சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வாக்கியத்தை விட எனக்கு மனசில்லை. எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வு ஒன்றைச் சேர்க்கலாம் என்றால், மாட்யூலுக்குப் பொதுவாக ஒரே தேர்வு என்பது விதி. கடைசியில் எழுத்துத் தேர்வையே எடுத்துவிட்டோம். ஆறு அறிக்கைகள் மூன்றாயின. ஒரு சிறு செயல்திட்டம், முடிவில் அதைப் பற்றி அரை மணி நேர வாய்மொழித் தேர்வு.

முதல் தடவை வந்த மாணவி, தொட்டியில் 80 டிகிரித் தண்ணீரை அரை டிகிரித் துல்லியத்தில் அளக்கத் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை சென்சாரை எடுத்திருந்தாள். பிழைக் கணக்கைப் போட்டு, இதில் அந்தத் துல்லியம் வராது என்று அவளே ஒப்புக்கொண்டாள். “அப்புறம் ஏன் இதைவிடத் துல்லியமான பிடி100 சென்சாரை எடுக்கவில்லை?” என்றேன்.

“ஆய்வக அலமாரியில் இது மட்டும்தான் இருந்தது” என்றாள்.

அவள் போனதும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மூன்று தட்டிலும் தெர்மோகப்பிள்தான்.