இணைப்பு இருந்தது

“தம்பி, அந்த மனுஷன் பேசினாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இணைப்பு இருந்தது மேடம்.”

“நான் அதைக் கேக்கலையே.”

ஆபரேட்டர் பக்கம் புகார்களைக் கவனித்தவர் அந்த மேடம். தூத்துக்குடிக்காரர், வளைகுடாவில் பல வருடமாக இருப்பவர். நான் சென்னையில் உட்கார்ந்து அதே ஆபரேட்டரின் ஐ.எம்.எஸ். சார்ஜிங்கை, அதாவது கால்களை இணைக்கும் அமைப்பின் கட்டணக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதற்கு அதைவிட நல்ல பதில் எனக்கு இன்னும் தோன்றவில்லை. ஆனால் அன்று என் கையில் இன்னொரு தகவலும் இருந்தது. உறுத்துவது அதுதான்.

புகார் சாதாரணமானது. ப்ரீபெய்ட் எண். இந்தியாவுக்கு ஒரு கால். 91-க்கு அடுத்து 462, நெல்லைப் பக்கத்து லேண்ட்லைன். நாலு நிமிஷம் பேசினேன், சிக்னல் போய்விட்டது, திரும்ப வந்து பார்த்தால் பேலன்ஸ் காலி என்கிறார் வாடிக்கையாளர். எங்கள் ரெக்கார்டில் 27 நிமிடம்.

வோல்ட்டி காலில், அதாவது 4ஜி டேட்டா வழியாகப் போகும் காலில், மறுமுனை எடுத்ததும் ‘200 ஓகே’ என்று ஒரு செய்தி வரும். கடிகாரம் அங்கே ஓட ஆரம்பிக்கும். யாராவது ஒருவர் ‘பை’ என்ற செய்தியை அனுப்பினால் நிற்கும். ப்ரீபெய்டாக இருந்தால் நடுவில் இன்னொரு பேச்சுவார்த்தையும் நடக்கும். கால் சர்வர் டயாமீட்டர் என்ற நெறிமுறை வழியாக ஓ.சி.எஸ். என்ற கணக்குப்பிள்ளையிடம் “இவருக்குக் கொஞ்ச நேரம் கொடு” என்று கேட்கும். அது 60 நொடிக்கான பணத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டு “சரி” என்னும். அந்த 60 தீரும் சமயம் மறுபடி கேட்கும், மறுபடி கொடுக்கும். பழைய ஒரு ரூபாய் காயின் போன் மாதிரிதான். என்ன, காசை நாம் போட வேண்டியதில்லை, நம் பையிலிருந்து அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

அந்தக் காலில் ‘பை’ வரவே இல்லை. சிக்னல் இல்லாத போன் எதையும் அனுப்ப முடியாது. லேண்ட்லைன்காரர்களும் போனை வைக்கவில்லை. “இருங்க, கூப்பிடுறேன்” என்று ரிசீவரைப் பக்கத்தில் வைத்துவிட்டு யாரையோ அழைத்துவரப் போயிருக்கலாம். லாக்கில் அப்படி எதுவும் இல்லை, இது என் கற்பனை. கடைசியில் ஓ.சி.எஸ். 4012 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பியது. பணம் தீர்ந்தது என்று அர்த்தம். உடனே சர்வரே இரண்டு பக்கமும் ‘பை’ அனுப்பி காலை முடித்தது. பணம் தீராமல் இருந்திருந்தால் 1800 நொடி செஷன் டைமர் வந்து வெட்டும் வரை ஓடியிருக்கும்.

ஆகவே ரெக்கார்டு சுத்தம். தொடக்கம், முடிவு, கேட்ட ஒதுக்கீடு, கொடுத்த ஒதுக்கீடு எல்லாம் நொடிக்கு நொடி பொருந்துகிறது. எந்த ஆடிட்டரிடமும் தைரியமாகக் காட்டலாம். புகார் டிக்கெட்டில் “வடிவமைப்பின்படியே கட்டணம் எடுக்கப்பட்டுள்ளது” என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆனால் வோல்ட்டி காலுக்குக் கணக்கு இரண்டு. ஐ.எம்.எஸ். அதை நொடிகளாகப் பார்க்கிறது. கீழே டேட்டா ஓடும் பி-கேட்வே அதே காலை பைட்டுகளாகப் பார்க்கிறது. இரண்டுக்கும் காசு எடுத்தால் ஒரே பேச்சுக்கு இரட்டைக் கட்டணம் ஆகிவிடும் என்பதால் கேட்வே பக்கத்து விலையைப் பூஜ்யமாக வைப்பார்கள். விலை பூஜ்யம் என்றாலும் ரெக்கார்டு விழும். ஒவ்வொரு காலுக்கும் ஐசிஐடி என்ற ஓர் அடையாள எண் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழக்கதோஷத்தில் பார்த்தேன். குரலுக்கென்று திறந்த பேரர் என்ற டேட்டா பாதை நாலரை நிமிடத்திலேயே மூடியிருந்தது. ரேடியோ தொடர்பு போனது என்று காரணமும் இருந்தது.

அந்தச் செய்தி கேட்வேயிலிருந்து பி.சி.ஆர்.எஃப். என்ற, நடுவில் விதிகளைப் பார்க்கும் சர்வர் வழியாக மேலே ஏறி, ஐ.எம்.எஸ். காலை அங்கேயே வெட்டியிருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து பி.சி.ஆர்.எஃப். ஒன்று விழுந்து, வேலை இன்னொன்றுக்குக் கைமாறியது. நடப்பிலிருந்த கால்களின் நினைவு அதோடு போய்விட்டது. கீழே இருந்தவனுக்கு ஆள் போனது தெரியும், மேலே இருந்தவனுக்குத் தெரியாது.

இதைப் போனில் மேடத்திடம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. அவர் உடனே, “அதை டிக்கெட்லயே எழுதிடுங்க தம்பி” என்றார். “அது பில்லிங் ரெக்கார்டு இல்ல மேடம், நெட்வொர்க் டீம்தான் எழுதணும்” என்றேன்.

அதுவும் சரியான பதில்தான். ஒப்பந்தப்படி என் வேலை சார்ஜிங், கேட்வேயும் பி.சி.ஆர்.எஃப்.-உம் வேறு கம்பெனி போட்டது. இன்னொருவருடைய பெட்டியைப் பற்றி நான் எழுதினால் மறுநாள் பெரிய கூட்டம் போட்டு “உங்களை யார் கேட்டது” என்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள். அதே சமயம், விலையில்லாத ரெக்கார்டு என்பதால் அது சாட்சி இல்லை என்று நான் சொன்னதை இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. காசு எடுத்த கணக்கைவிட காசு எடுக்காத கணக்கு பொய் சொல்ல என்ன அவசியம்?

பேசினாரா என்ற கேள்விக்கு வருகிறேன். பேச்சை அளக்க முடியாதா என்றால், ஓரளவுக்கு முடியும். நாம் வாயை மூடியிருக்கும்போது குரலைச் சுருக்கி அனுப்பும் ஏ.எம்.ஆர். கோடெக் முழுப் பேச்சை அனுப்பாது. 160 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அமைதியை வர்ணிக்கும் சின்னப் பாக்கெட் ஒன்றை மட்டும் அனுப்பும். அதுகூட வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு செய்து மீடியா கேட்வே காலை வெட்டலாம். அதற்கென்றே ஒரு டைமர் உண்டு. இங்கே அதை அணைத்து வைத்திருந்தார்கள். ஹோல்டில் போட்ட கால்களை வெட்டுகிறது என்று முன்பு புகார் வந்ததாம். நானாக இருந்தாலும் அணைத்துத்தான் வைத்திருப்பேன். பேசாத நேரத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்றால் சாவு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் வார்த்தை வராமல் நிற்கிறார்களே, அது காலா இல்லையா? அதை வெட்டும் உரிமையை ஒரு டைமரிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இணைப்புக்குத்தான் காசு, பேச்சுக்கு இல்லை. தொலைபேசியில் எப்போதும் அப்படித்தான்.

இப்படிச் சொல்லும்போது எனக்கே சரி என்று படுகிறது. அப்புறம் அந்த நாலரை நிமிடம் ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகு அங்கே இருந்தது மௌனம் இல்லை, ஆளே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தகவல் கணினியில் இருந்தது, என் திரையிலும் இருந்தது. நான் மௌனத்துக்காக வாதாடியது யாருக்காக என்று தெரியவில்லை.

‘200 ஓகே’, ‘பை’ எல்லாம் சிப் (SIP) என்ற இணைய நெறிமுறையின் செய்திகள். அதன் இன்றைய வடிவம் 2002-இல் வந்தது. அதில் காசு எடுக்க வழி எதுவும் வகுக்கவில்லை. அதே காலத்தில் மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு ஐ.எம்.எஸ்.-ஐ வகுத்தபோதுதான் சார்ஜிங்குக்கென்று தனித் தலைப்புகளை அதில் செருகினார்கள். இணையக்காரர்களுக்குப் பாக்கெட் போனதா என்பதுதான் கவலை, தொலைபேசிக்காரர்களுக்கு நொடி ஓடியதா என்பது. இரண்டு வீட்டுச் சம்பந்தத்தில் பிறந்த இந்தப் பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எதை வைத்துப் பில் போடுவது என்று முடிவு செய்தவர்கள் நொடிக்காரர்கள். நானும் அந்த வீட்டு ஆள்தான்.

வாடிக்கையாளருக்கு நல்லெண்ண அடிப்படையில் பணம் திரும்பக் கிடைத்தது. தவறு என்று ஒப்புக்கொண்டு கொடுத்தது இல்லை; மேடம் தன் அதிகாரத்தில் கொடுத்தார். பி.சி.ஆர்.எஃப்.-ஐயும் பிறகு சரி செய்தார்கள், கைமாறினாலும் நினைவு போகாதபடி. டைமர் மட்டும் இன்னும் அணைந்தேதான் இருக்கிறது.

அன்று பி.சி.ஆர்.எஃப். விழுந்த நேரத்தில் இந்த ஒரு கால்தான் நடந்துகொண்டிருந்ததா என்ன? இரண்டு கணக்கையும் ஐசிஐடி வைத்து இணைத்து, கீழே மூடிய பிறகும் மேலே ஓடிய கால்களை எல்லாம் எடுத்துவிடலாம். எழுத அரை நாள் போதும். ஓட்டிப் பார்க்க ஆபரேட்டரின் அனுமதி வேண்டும். நான் கேட்கவில்லை. மேடமும் கேட்கவில்லை; அப்படி ஒன்று செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.